விறகு பிளக்கும்போது மரவினங்களை வேறுபடுத்தி அறிதல்

முகவுரை

நெல்லும் காய்கறியும் பயிரிடும் கமக்காரருக்கு விறகு ஒரு துணை விளைவாகும். வேலி மரங்களின் கிளைகளைக் கழிக்கும்போதும், தோட்டத்திற்கு நிழல் செய்யும் மரங்களைத் தறிக்கும்போதும், காற்றில் வீழ்ந்த மரங்களை அகற்றும்போதும் விறகு சேர்கின்றது. வீட்டுத் தேவைக்குப் போக எஞ்சியது விற்பனைக்கு வருகின்றது. பேலியகொடை மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லொறியின் ஒரு மூலையில் சில கட்டு விறகும் ஏறிச் செல்லுதல் இயல்பு. அவ்விறகு சென்றடையும் இடங்களுள் கொட்டாஞ்சேனையும் ஒன்று.

கொட்டாஞ்சேனை கொழும்புத் துறைமுகத்தை அடுத்துள்ள, மக்கள் நெருங்கி வாழும் பகுதி. இங்கே மாடி வீடுகளும், "தோட்டம்" என வழங்கும் வரிசைக் குடியிருப்புகளும் மிகுதி. இத்தகைய வீடுகள் பலவற்றிற் புகைபோக்கி கிடையாது. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டிற்கும் சுவராகும். 2022ஆம் ஆண்டின் முற்பாதியில், நாட்டின் அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டினாற் சமையல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடைத்தற்கு அரியவாயின. அப்பொழுது கொழும்பு நகரக் குடும்பங்கள் பல, நெடுங்காலமாகக் கைவிட்டிருந்த விறகடுப்பை மீண்டும் மூட்டின. கையில் அகப்பட்ட மரமெல்லாம் விறகாயிற்று. பச்சை மரமும், சாயம் பூசிய பலகையும், பொதிப்பெட்டிக் கட்டைகளும் ஒரே அடுப்பில் எரிந்தன.

நகரத்தில் விறகு வாங்கும் பெண்ணுக்கு மரத்தின் இலையோ பூவோ காயோ காணக் கிடைப்பதில்லை. அவருக்குக் கிடைப்பன பிளந்த துண்டுகளும், விற்பவர் சொல்லும் ஒரு பெயருமே. மரத்தை முழுமையாகக் கண்டவர் அதனைத் தறித்துப் பிளந்தவர் ஒருவரே. அவர் அறியாது விட்டதை அடுப்பில் இடுபவர் அறிதல் அரிது. ஆதலின், பிளக்கும் இடத்திலேயே மரவினத்தை அறிந்து வகைப்படுத்துதல் கமக்காரர் கடமையாகும். அதனைச் செய்யும் முறையை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

1. வன்மரம் என்பது யாது?

தாவரநூலார் "வன்மரம்" எனும்போது கையால் உணரும் வன்மையைக் கருதுவதில்லை. அகன்ற இலையும், மூடிய வித்தும், நீரைக் கடத்தும் கலன்களும் உடைய மரங்கள் யாவும் வன்மரங்களே. இக்கலன்கள் குறுக்கே வெட்டிய முகத்தில் நுண்டுளைகளாகத் தோன்றும். இவ்விலக்கணப்படி முருங்கையும் இலவும் வன்மரங்களே. ஆயினும் அவை விறகுக்கு உதவா. பைன் முதலிய ஊசியிலை மரங்கள் மென்மரங்கள். அவற்றிற் கலன்துளை இல்லை, பிசின் உண்டு. தென்னையும் பனையும் இவ்விரு வகையிலும் சேரா. அவற்றின் வெட்டுமுகத்தில் வளையங்கள் இல்லை. கரிய நார்க்கட்டுகள் புள்ளி புள்ளியாகச் சிதறிக் காணப்படும்.

விறகை ஆராய்வோர் மற்றோர் உண்மையையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். நன்கு உலர்ந்த மரம் எதுவாயினும், ஒரு கிலோகிராம் எரிந்தால் வெளிப்படும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றே. முழுதும் ஈரம் நீங்கிய மரத்தில் அது கிலோகிராமுக்கு 4,500 கிலோகலோரி அளவினது. பாலைக்கும் மலைவேம்பிற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் செறிவில் உள்ளது. பருமன் ஒத்த இரு துண்டுகளுள் செறிந்த மரம் எடை மிகுந்தது. ஆதலின் அது நெடுநேரம் எரியும், தணலும் நிலைக்கும். கட்டுக் கணக்கில் வாங்குவோருக்கு மரவினமே இலாப நட்டத்தைத் தீர்மானிக்கும். எடைக் கணக்கில் வாங்குவோருக்கு ஈரமே அதனைத் தீர்மானிக்கும்.

2. ஆராயும் முறை

பட்டையை மட்டும் கண்டு மரத்தைத் துணிதல் தவறு. பட்டை வயதுக்கேற்ப மாறும். உலர்ந்தபின் உதிர்ந்தும் போகும். பிளவுமுகமும் வெட்டுமுகமுமே நம்பத்தக்க சாட்சிகள். பின்வரும் ஆறு குறிகளையும் முறையே நோக்குக.

(அ) வெட்டுமுகம். வாளால் அறுத்த முனையைக் கூரிய கத்தியால் ஓரங்குல அளவு மழுமழுப்பாகச் சீவி, சிறிது நீர் தடவுக. துளைகள் வெறுங்கண்ணுக்குத் தோன்றுகின்றனவா, அவை சீராகப் பரவியுள்ளனவா, வளையமாக அணிவகுத்துள்ளனவா என்பவற்றைக் காண்க. பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று இருப்பின் மிக நன்று.

(ஆ) வைரமும் வெள்ளையும். உட்பாகம் வைரம், அதனைச் சூழ்ந்த இளம் பாகம் வெள்ளை. இரண்டிற்கும் நிறவேறுபாடு உண்டா, எல்லை தெளிவாக உள்ளதா என்று நோக்குக. நிறம் காற்றுப்பட்டு மாறுமாதலின், புதிதாகப் பிளந்த முகத்தையே கொள்ளல் வேண்டும்.

(இ) ஆரைக்கதிர்கள். நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் மெல்லிய கோடுகள் இவை. நடுவை நோக்கிப் பிளந்த முகத்தில் இவை மினுமினுக்கும் செதில்களாகத் தோன்றும். சில மரங்களில் இவை அகன்று தெளிவாகவும், பலவற்றில் கண்ணுக்குப் புலனாகா வண்ணம் மெல்லியனவாகவும் இருக்கும்.

(ஈ) பிளவின் தன்மை. கோடரி விழுந்ததும் நேராகப் பிளக்கின்றதா, நார் ஒன்றோடொன்று பின்னிக் கிழிகின்றதா என்று காண்க. கணுவும் கவரும் இல்லாத துண்டிலேயே இதனைச் சோதிக்க.

(உ) மணமும் பாலும். புதிய பிளவில் எழும் மணத்தை அறிந்துகொள்க. பட்டை வாயிற் பால் கசிகின்றதா என்றும் நோக்குக. எந்த மரத்தையும் நாவில் இட்டுச் சுவை பார்த்தல் ஆகாது.

(ஊ) எடை. உலர்ந்த மரத்தில் ஓரடி நீளமும் ஓரங்குலச் சதுரமும் உள்ள கோல் ஒன்றைச் சீவுக. உயர்ந்த பாத்திரத்தில் நீர் நிரப்பி, கோலைச் செங்குத்தாக இறக்கி, சாயாமல் விரல்களால் இலேசாகத் தாங்குக. பன்னிரண்டு அங்குலத்தில் ஆறங்குலம் அமிழ்ந்தால், அம்மரம் ஒத்த பருமனுள்ள நீரின் எடையிற் பாதி உடையது. ஒன்பதங்குலம் அமிழ்ந்தால் முக்காற் பங்கு. கோல் முழுதும் அமிழ்ந்து கீழே சென்றால் அது நீரினும் கனமானது. இச்சோதனைக்குத் தராசும் வேண்டுவதில்லை.

இவற்றுள் ஒரு குறியை மட்டும் கொண்டு முடிவு செய்யற்க. மூன்று குறிகளேனும் ஒத்துவரல் வேண்டும்.

3. பெயரால் மயங்கும் மூவிணைகள்

விறகு வாணிகத்திற் பெயர் மயக்கம் மிகுதி. ஒரே பெயரோ ஒத்த பெயரோ கொண்ட வேறு மரங்கள் ஒரே கட்டில் வந்து சேர்கின்றன. மலையகம், வடக்கு, கிழக்கு, புத்தளம் எனப் பல பகுதி மக்களும் வந்து கூடும் கொட்டாஞ்சேனையில், ஒவ்வொருவரும் தத்தம் ஊர் வழக்கின்படியே மரப்பெயரை விளங்கிக்கொள்வர். விற்பவர் ஒன்றைச் சொல்ல, வாங்குபவர் மற்றொன்றைக் கருதுவார். பின்வரும் மூவிணைகளையும் கமக்காரர் நன்கு அறிந்து வைத்தல் வேண்டும்.

பாலையும் ஏழிலைப்பாலையும். பாலை வறண்ட வலயக் காடுகளுக்கு உரியது. அதன் இனிய பழத்தைச் சிறுவரும் கரடியும் விரும்பி உண்பர். ஏழிலைப்பாலை தாழ்நாட்டில் வளரும் பெருமரம். ஒரு கணுவில் வட்டமாக ஏறக்குறைய ஏழு இலைகள் அமைவதால் அப்பெயர் பெற்றது. இரண்டிலும் பட்டையை வெட்டினாற் பால் வடியும். ஆகையால் பாலைக் கண்டு பாலை எனத் துணிவோர் ஏமாறுவர். பிளவுமுகமோ சிறிதும் ஐயத்திற்கு இடம் வையாது. பாலையின் வைரம் செம்பழுப்பு நிறம். துளைகள் மிக நுண்ணியன. மரம் கோடரியைத் திருப்பி எறியும். கோல் நீரில் முழுதும் அமிழும். ஏழிலைப்பாலையில் வைரம், வெள்ளை என்ற வேறுபாடே இல்லை. முழுதும் மங்கிய வெண்ணிறம். கோல் பாதியளவும் அமிழாது. பிளவுமுகத்தில் ஆங்காங்கே சிறு பிளப்புகள் போலப் பாற்குழாய்களின் தடம் தோன்றும். பாலைத் தணல் நெடுநேரம் நிற்க, ஏழிலைப்பாலை விரைந்து எரிந்து சாம்பலாகும்.

வேம்பும் மலைவேம்பும். இவ்விரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டன் வைரமும் செந்நிறச் சாயல் உடையது. சிறு துண்டாகக் கிடக்கும்போது தேர்ந்த கண்ணும் மயங்கும். வெட்டுமுகத்தைச் சீவி நோக்குக. மலைவேம்பில் ஆண்டுவளையத்தின் தொடக்கத்திற் பெருந்துளைகள் வரிசையாக நின்று வளையத்தைத் தெளிவாகக் காட்டும். வேம்பிலோ துளைகள் எங்கும் பரவி நிற்கும். வேம்பின் நார் பின்னியிருத்தலின் பிளவு கரடாக அமையும். மலைவேம்பு நேராகவும் எளிதாகவும் பிளக்கும். எடைச் சோதனையில் வேம்புக் கோல் முக்காற் பங்கு அளவில் அமிழ, மலைவேம்புக் கோல் ஏறத்தாழப் பாதியளவிலேயே நிற்கும். மலைவேம்பு விறகுக்கு ஆகாததன்று. தீ மூட்டுதற்கும் விரைவில் நீர் கொதிக்க வைத்தற்கும் ஏற்றதே. ஆயின் வேம்பின் விலைக்கு அதனை விற்றல் முறையன்று.

சவுக்கும் சவுக்கும். இது மிகப் பெரிய மயக்கம். கரையோர மணலில் வளரும் ஊசி போன்ற பசுங்கிளைகளை உடைய சவுக்கு ஒன்று. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கும் காற்றுத் தடைக்கும் நடப்பட்ட, சீப்புப் போலப் பிளவுண்ட இலைகளை உடைய கிரேவில்லியா மற்றொன்று. அதனையும் தோட்டத்து மக்கள் சவுக்கு என்றே அழைப்பர். கரையோரச் சவுக்கு உலகில் மிகச் சிறந்த விறகுகளுள் வைத்து எண்ணப்படுவது. அது செம்பழுப்பு நிறமும், நீரின் எடையை ஒட்டிய கனமும் உடையது. பச்சையாக இருக்கும்போது பிளத்தல் எளிது, உலர்ந்தபின் மிகக் கடிது. கிரேவில்லியா இளஞ்சிவப்புப் பழுப்பு நிறம். எடை அதில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கே. எப்பொழுதும் எளிதாகப் பிளக்கும். இவற்றை வேறுபடுத்தும் தெளிவான குறி ஆரைக்கதிர். கிரேவில்லியாவை நடுவை நோக்கிப் பிளந்தால், அகன்ற மினுமினுப்பான செதில்கள் முகமெங்கும் பரந்து தோன்றும். ஒருமுறை கண்டவர் அதனை மறவார். கிரேவில்லியாத் தூள் சிலரின் தோலில் அரிப்பை உண்டாக்கும். வாளால் அறுக்கும்போது கைகளை மூடிக்கொள்க.

4. அடிக்கடி கைக்கு வரும் பிற விறகுகள்

புளி. வெள்ளைப் பாகம் அகன்று மஞ்சள் கலந்திருக்கும். வைரம் சிறிது, கரும்பழுப்பாகவோ ஊதா கலந்தோ ஒழுங்கற்ற வடிவில் நடுவிற் கிடக்கும். நார் முறுக்குண்டது, பிளத்தல் கடினம். வெப்பம் மிகுதியாதலின் செங்கற் சூளைக்காரர் இதனை விரும்புவர். பெருங்கட்டைகளை ஆப்புக் கொண்டு ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகப் பிளத்தல் வேண்டும். நடுவில் வெட்டுதல் வீண் உழைப்பு.

இறப்பர். கொழும்பையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் அடையும் விறகிற் பெரும்பங்கு முதிர்ந்த இறப்பர்த் தோட்டங்களிலிருந்து வருவது. மரம் பாலேட்டின் வெண்மை. வைரம் வேறாகத் தோன்றாது. பட்டை ஓரத்தில் உறைந்த பால் நூலாக இழுபடும். மாச்சத்து மிகுந்திருத்தலின் நீலக் கறையும் துளைக்கும் வண்டும் விரைவில் தாக்கும். துண்டின் கீழே மா போன்ற தூள் உதிர்ந்து கிடப்பின் வண்டு புகுந்தது என்க. பிளந்த உடனே காய வைத்தல் இதற்கு இன்றியமையாதது.

கிளிரிசீடியா. சீமைக்கிளுவை எனவும் வழங்குவது. இலங்கையில் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றை அடுத்து நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்டது. இலை வயலுக்குப் பசளை. தடி அடுப்புக்கு விறகு. மரம் வேலிக்குக் கதியால். இம்மூன்றும் தருவதால் கமக்காரருக்கு இதனினும் ஏற்ற விறகு மரம் இல்லை எனலாம். முற்றிய தடியின் வைரம் இளம்பழுப்பாகத் தொடங்கிக் காற்றுப்பட்டுச் செம்பழுப்பாகும். வெள்ளை ஓரம் தெளிவாகத் தெரியும். கிளை வெட்டியபின் அடிமரம் மீண்டும் தளிர்க்குமாதலின் மரம் அழிவதில்லை.

தூங்குமூஞ்சி மரம். வீதியோரங்களில் நிற்கும் பரந்த நிழல்மரம். கரும்பழுப்பு வைரமும் மஞ்சள் சார்ந்த வெள்ளையும் எல்லை கீறினாற் போலப் பிரிந்து நிற்கும். துளைகள் வெறுங்கண்ணுக்கே தோன்றும்; ஒவ்வொன்றையும் வெளிறிய வளையம் சூழ்ந்திருக்கும். நார் பின்னியது, நடுத்தர எடை.

மா. வெளிறிய மரம், விரைவில் உளுத்துப் போகும். மாம்பாலும் மாமரப் புகையும் சிலருக்குக் கண்ணையும் தோலையும் உறுத்தும். காற்றோட்டம் குறைந்த நகர வீடுகளுக்கு இதனை அனுப்பாமை நன்று.

கறுவா. பட்டை உரித்த கறுவாத் தடிகள் தென்மேற்குக் கரையோரத்திலிருந்து கட்டுகளாக வரும். மெல்லியன, விரைவில் உலர்வன, எளிதில் தீப்பற்றுவன. பருங்கட்டைகளை மூட்டுதற்கு ஏற்றவை.

5. விறகாக்கலாகாத மரங்கள்

பிளக்கும்போது சில முகங்கள் கோடரியை நிறுத்த வேண்டியவை.

பொன்மஞ்சள் நிறமும் பட்டுப் போன்ற ஒளியும் அலையலையான இழையும் நறுமணமும் தோன்றினால் அது முதிரை. உட்பாகம் கன்னங்கரியதாகவும் சுற்றுப்பாகம் வெளிறியதாகவும் இருந்து, துளைகள் வெறுங்கண்ணுக்குப் புலனாகாவிடின் கருங்காலி. பொற்பழுப்பு நிறமும், எண்ணெய்ப் பசையும், பதனிட்ட தோலின் மணமும், வளையமாக நிற்கும் பெருந்துளைகளும் சேர்ந்திருப்பின் தேக்கு. ஒளிரும் மஞ்சள் வைரம் நாட்படப் பழுப்பாக மாறுவது பலா. இவை அனைத்தும் தச்சர் தேடும் மரங்கள். ஒரு நாட் சமையலுக்கு இவற்றை எரித்தல் பெருநட்டம்.

இதிற் சட்டமும் உண்டு. 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தம் சொந்தக் காணியிலேனும் அனுமதியின்றித் தறித்தலாகாது. 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் மரங்களைக் கொண்டுசெல்லலைக் கட்டுப்படுத்துகின்றது. முதிரைத் துண்டு ஒன்று விறகுக் கட்டினுள் அறியாமற் கலந்திருப்பினும், வழியிற் சோதனைக்கு உட்படும் லொறிக்காரரே பதில் சொல்ல நேரும். ஏற்றுமுன் பிரதேசச் செயலகத்திலோ வனத் திணைக்கள அலுவலகத்திலோ கேட்டறிதல் நன்று.

6. அடுப்பில் இடலாகாதவை

அலரியின் எல்லா உறுப்புகளும் நஞ்சு; அதன் தடியும் புகையும் சமையலுக்கு ஆகா. களப்போரங்களில் வளரும் தில்லையின் பால் கண்ணிற் பட்டாற் பார்வை கெடும். புகையும் கண்ணை வருத்தும். நீர்கொழும்பு, புத்தளம், மட்டக்களப்புக் களப்புகளை அடுத்துள்ளோர் இதனிற் கவனம் கொள்க. பால் வடியும் மரம் யாதாயினும் இனம் துணியும் வரை தனியே வைத்தல் முறை.

நகரத்திலேயே கிடைக்கும் கட்டைகளிலும் ஆபத்து உண்டு. துறைமுகம் அருகில் உள்ளமையாற் கொட்டாஞ்சேனையிற் கப்பற்சரக்குத் தட்டுகளின் பலகைகள் விறகாவது வழக்கம். இவை பெரும்பாலும் பைன் மரம். கலன்துளை இன்மையால் அறியலாம். 2002ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட சர்வதேச விதியின்படி, இத்தகைய பலகைகளிற் கோதுமைக் கதிர்ச் சின்னத்துடன் பதனிட்ட முறையைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்படும். "எச்.ரி." என்பது வெப்பத்தாற் பதனிட்டது. "எம்.பி." என்பது மெதைல் புரோமைட்டு என்னும் நச்சுவாயுவாற் பதனிட்டது, அதனை எரித்தலாகாது. சின்னம் இல்லாதவற்றையும், எண்ணெயோ இரசாயனமோ சிந்திய கறையுள்ளவற்றையும் விலக்குக.

சாயம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, கீல் மணக்கும் பழைய புகையிரதச் சிலிப்பர்க் கட்டை, பச்சைச் சாயல் படிந்த பதனிட்ட தூண் ஆகியனவும் அடுப்புக்கு ஆகா. பச்சைச் சாயல் செம்பு கலந்த மருந்தைக் காட்டுவது; அத்தகைய மருந்தில் ஆசனிக்கும் சேர்ந்திருத்தல் உண்டு. எரித்தாலும் ஆசனிக்கு அழிவதில்லை, சாம்பலில் தங்கும். அச்சாம்பலைக் கீரைப் பாத்தியில் இட்டால் நஞ்சு மண்ணிற் சேரும். ஆதலின், காய்கறிச் செய்கையாளர் தாம் அறிந்த விறகின் சாம்பலையே இடுதல் வேண்டும். நல்ல விறகின் சாம்பல் பொட்டாசும் சுண்ணாம்பும் தருவது. மலைநாட்டுப் புளிப்பு மண்ணுக்கு ஏற்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் சார்ந்த மண்ணுக்கு அது அத்துணைத் தேவையில்லை. யூரியாவுடன் கலந்து இட்டால் அமோனியா வீணாகும். உருளைக்கிழங்குப் பாத்தியில் இட்டாற் சொறிநோய் பெருகும்.

7. பிளத்தலும் உலர்த்தலும்

இனம் அறிந்தபின் அதற்கேற்பச் செயற்படுக. சவுக்கு, புளி, பாலை முதலிய செறிந்த மரங்களைத் தறித்த சில நாட்களுக்குள்ளேயே பிளத்தல் வேண்டும். துண்டின் தடிப்பு மூன்று முதல் நான்கு அங்குலத்திற்கு மேற்படலாகாது. முனையில் இயற்கையாக ஓடிய வெடிப்பைப் பின்பற்றி ஆப்பிடுக. நிலத்தில் வைத்துப் பிளவாது, அகன்ற அடிக்கட்டை ஒன்றின்மீது நிறுத்திப் பிளக்க. கோடரி தவறினும் காலிற் படும் வாய்ப்புக் குறையும்.

பிளந்தவற்றை நிலத்திலிருந்து அரையடி உயர்த்தி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேற்புறம் மட்டும் கூரையிடுக. பக்கங்களை மூடற்க. வறண்ட வலயத்தில் இலேசான மரங்கள் இரண்டு மூன்று திங்களிலும், செறிந்த மரங்கள் ஆறு திங்களளவிலும் உலரும். ஈர வலயத்தில் மேலும் நாட்செல்லும். மரங்களை இனவாரியாக அடுக்கினாலன்றி எது உலர்ந்தது, எது உலரவில்லை என்று கூறல் இயலாது.

உலர்ந்த விறகின் முனைகள் வெடித்திருக்கும், பட்டை கழலும், இரு துண்டுகளை மோதினாற் கணீரென ஒலிக்கும். உறுதியாக அறிய வேண்டின், துண்டின் நடுவிலிருந்து 100 கிராம் சிராய் எடுத்து, எடை மேலும் குறையாத வரை அடுப்பின் மேற்பரணில் உலர்த்தி நிறுக்க. 80 கிராம் எஞ்சின் ஈரம் நூற்றுக்கு 20. அந்த அளவுக்குக் கீழே வந்த விறகே விற்பனைக்கு உரியது.

இதன் பயனைக் கணக்கிட்டுக் காணலாம். எடையிற் பாதி நீரான 10 கிலோகிராம் பச்சை விறகில் மரம் 5 கிலோகிராமே. அது தரும் 22,500 கிலோகலோரியில் ஏறக்குறைய 3,000 கிலோகலோரி நீரை ஆவியாக்குதற்கே செலவாகும். நூற்றுக்கு 15 ஈரமுள்ள 10 கிலோகிராம் உலர்ந்த விறகோ ஏறக்குறைய 37,000 கிலோகலோரி தரும். பச்சை விறகை எடையில் வாங்குபவர் பாதிப் பணத்தை நீருக்கே கொடுக்கின்றார்.

நட்டம் பணத்தோடு நில்லாது. ஈரவிறகு முற்றும் எரியாமற் புகையும். வீட்டினுள் எழும் அடுப்புப் புகை 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 32 இலட்சம் மரணங்களுக்குக் காரணமாயிற்று என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அப்புகையை மிகுதியாக உட்கொள்வோர் சமைக்கும் பெண்களும் அவர்களைச் சுற்றி நிற்கும் சிறு குழந்தைகளுமே. கிராமத்து முற்றத்தில் காற்றோடு போய்விடும் புகை, கொட்டாஞ்சேனையின் பத்தடி அறையிற் சுவரோடு தங்கும். கமக்காரர் ஆறு திங்கள் பொறுத்து உலர்த்திய விறகு அக்குழந்தைகளின் நெஞ்சுக்குச் செய்யும் உதவியாகும்.

அடுப்பும் கருதத்தக்கது. 12.5 கிலோகிராம் எரிவாயுவில் உள்ள வெப்பம் ஏறக்குறைய 37 கிலோகிராம் உலர்ந்த விறகில் உண்டு. ஆயினும் திறந்த முக்கல் அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி பாத்திரத்தை அடையாது வீணாவதால், அதனினும் பன்மடங்கு விறகு செலவாகும். இலங்கையில் வழங்கும் "அனகி" என்னும் இரட்டைக்கண் மண்ணடுப்பு விறகுச் செலவைக் குறைப்பது. விறகு விற்பவர் இதனையும் வாங்குபவருக்கு எடுத்துரைத்தல் நன்று.

8. நினைவில் வைக்க வேண்டியவை

1. தறிக்கும்போதே இலையும் காயும் கண்டு பெயரைத் துணிந்து, முதற்றுண்டில் சுண்ணாம்பினாற் குறியிடுக.

2. பட்டையையும் பாலையும் மட்டும் நம்பற்க. வெட்டுமுகத்தைச் சீவி, துளை, வைரம், கதிர் ஆகியவற்றை நோக்குக. மூன்று குறிகளேனும் ஒத்தபின் முடிவு செய்க.

3. பாலை, வேம்பு, சவுக்கு என்னும் பெயர்களைச் சொல்லி விற்கும்போது எந்தப் பாலை, எந்த வேம்பு, எந்தச் சவுக்கு என்பதையும் தெளிவாகச் சொல்லுக.

4. முதிரை, கருங்காலி, தேக்கு, பலா ஆகியவற்றைப் பிரித்து வைக்க. அனுமதி பெறாது தறித்தலும் ஏற்றுதலும் ஆகா.

5. அலரி, தில்லை, இனம் அறியாப் பால்மரம், பதனிட்ட பலகை ஆகியன அடுப்புக்கு ஆகா.

6. இனவாரியாக அடுக்கி, நூற்றுக்கு 20 ஈரத்திற்குக் கீழே உலர்த்திய பின்னரே விற்க.

7. ஒவ்வொரு இனத்திலும் சாண் நீளத் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையைச் சீவி, மறுபக்கம் நடுவை நோக்கிப் பிளந்து, பெயர் எழுதி வீட்டில் வைக்க. பத்துத் துண்டுகள் சேர்ந்தால் அதுவே கமக்காரரின் மரநூல். புதிய கட்டை வரும்போது அவற்றோடு ஒப்புநோக்கி அறியலாம்; இளையோருக்கும் கற்பிக்கலாம்.

ஐயம் நீங்காத துண்டு இருப்பின், அதனை இலை, காய் ஆகியவற்றுடன் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டித் தெளிவு பெறுக.